உங்களுக்கு யார் ஊசி போட்டது?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இழுப்பு தேவலையா? அம்மா சுகமா? நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று பயந்துவிடாதீர்கள், எல்லாம் சந்தோஷம்தான்.

இன்று வார்டில் ஒரு லாரி டிரைவருக்கு ஆன்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி மூச்சடைத்துவிட்டது. உடனே அதை நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டு, தொடையில் அட்ரினலின் ஊசி போட்டேன். முதல் தடவையாக என் கையால்! கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பிவிட்டது, அப்பா!

நாடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"சிஸ்டர், நெஞ்சு பிரேக் இல்லாத வண்டி மாதிரி ஓடுது. போயிடுவேனா?"

"பயப்படாதீங்கண்ணே, அது மருந்தோட வேலை. கையும் நடுங்கும், அப்புறம் அடங்கிடும்."

அவர் என் கையைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு யாரு ஊசி போட்டது?" வார்டே சிரித்துவிட்டது.

உங்கள் இன்ஹேலரும் இந்த மருந்துக்குத் தம்பி முறைதான். கை நடுங்குகிறதென்று அதை அலமாரியில் ஒளித்து வைக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படியே, போனை எடுத்ததும் "வேலையப் பாரும்மா, வச்சிடறேன்" என்பதையும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். டிரைவரின் மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவருக்கு நடுக்கம் நின்றது. எனக்குத்தான் இன்னும் நிற்கவில்லை.

உங்கள்
வாலு