மார்கழியில் குறைந்த எடை

காடாத்துணியில் கஞ்சி வாசம் லேசில் போகாது என்று நீ சொல்லியிருந்தாய். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஐப்பசி மழையில் மூன்று நாளாகக் காயாமல் கிடந்த விரிப்பை இன்று காலை எடுத்து மடித்தேன். அறை முழுக்க நீ வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியின் வாசம். என் சிகிச்சைக் கட்டிலுக்கென்று நீயே அளவெடுத்து, ஓரம் அடித்துக் கொண்டுவந்த விரிப்பு அது. முகத்தை அதில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே பெஞ்சில் ஒருவர் காத்திருந்தார். காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் கார்த்திகைக் கடைசியில்தான் நீ நோயாளியாக இந்த மாடிப்படி ஏறினாய். அதற்கு முன் தோழியாக எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். நீ வேலைக்காகத் தினமும் ராஜபாளையம் பஸ் ஏறினாய். நான் பிசியோதெரபி படித்து, பிறகு பெங்களூருக்கு அலைந்து, கையாலேயே எலும்பையும் தசையையும் சரிசெய்கிற ஆஸ்டியோபதியும் படித்து, அதே ராஜபாளையத்தில் வந்து கடை விரித்தேன். நாள் முழுக்கக் குனிந்து பேண்டேஜ் சுருள்களைச் சரிபார்க்கிற வேலை உனக்கு. நடு முதுகில் வலி என்றாய்.

"ஏட்டி, எலும்ப ஒடிச்சுப் பொறவு ஒட்ட வைக்கிறவ நீதான? எனக்கும் ரெண்ட ஒடி" என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்தாய்.

உன் வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆனாலும் மற்றவர்களுக்குச் சொல்வதை உனக்கும் சொன்னேன். எலும்பு, மூட்டு, தசை, அதைப் போர்த்தியிருக்கிற சவ்வு எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்தவை. என்றைக்கோ பிசகிய கணுக்கால் இன்றைக்கு இடுப்பில் வந்து வலிக்கலாம். அதனால் வலிக்கிற இடத்தோடு நிறுத்தாமல், நீ நிற்பது, குனிவது, மூச்சு விடுவது எல்லாவற்றையும் பார்ப்பேன். மருந்து, ஊசி கிடையாது. வெறும் கைதான். அழுத்துவேன், இழுப்பேன், மூட்டை மெல்ல அசைப்பேன். சில சமயம் சடக்கென்று சத்தம் வரும், பயப்படாதே, எதுவும் முறியவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் சொல், அந்த நொடியே கையை எடுத்துவிடுவேன். மறுநாள் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும், இரண்டு நாளில் சரியாகும். நாலைந்து தடவையில் குணம் தெரியவில்லை என்றால் என்னிடம் வந்து நாளைக் கடத்தக் கூடாது.

"இம்புட்டுப் பேசுததுக்குக் கைய வச்சிருந்தா இந்நேரம் வலி போயிருக்கும்" என்றாய்.

முதல் நாள் பேச்சுதான் அதிகம் இருக்கும். விழுந்தது உண்டா, ஆபரேஷன் உண்டா, என்ன மாத்திரை, தூக்கம் எப்படி, எடை குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தாளில் எழுதுவேன். எதைத் தொடக் கூடாது என்பதைத்தான் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். காரணமில்லாமல் இளைத்தால், படுத்தாலும் வலி அடங்காவிட்டால், கை வைக்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நான் டாக்டர் இல்லை என்று சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறேன். "அத ஏன்ட்டி மாட்டி வச்சிருக்க? வாரவுக ஓடிரப் போறாக" என்று அதற்கும் சிரித்தவள் நீ.

அன்றைக்கு உன் பதில்களில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று தடவை வந்தாய். ஒவ்வொரு தடவையும் வலி இறங்கியது. நீ என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாய். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று எல்லாரையும் இங்கே அனுப்பினாய். "கைராசிக்காரிட்டி நீ."

நாலாம் தடவை வந்தபோது மார்கழி பாதி ஆகியிருந்தது. ரவிக்கை உன் தோளில் தொளதொளவென்று கிடந்தது. முதுகில் விரல் வைத்தால் விலா எலும்பை எண்ணலாம்.

"என்னட்டி இப்படி இளைச்சுட்ட?"

"மார்கழில்லாட்டி" என்றாய்.

அம்புட்டுதான். கேள்வி முடிந்துபோயிற்று. மார்கழி பிறந்தால் உங்கள் வீட்டு அடுப்படிக்குள் பாலும் நெய்யும் வராது, விடியுமுன் குளித்துவிட்டு ஆண்டாள் கோயிலுக்கு ஓடுவாய், ஒருவேளைச் சாப்பாடு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் வீட்டிலும் அதே நோன்பு, எனக்கும் வருஷா வருஷம் இடுப்பில் துணி தளரும். வேறு ஊர்க்காரி ஒருத்தி இந்த நாற்காலியில் இருந்திருந்தால், மார்கழியாவது மண்ணாங்கட்டியாவது என்று உன்னை ஸ்கேன் எடுக்க அனுப்பியிருப்பாள். நான் நம்மூர்க்காரி. "எடை குறைவு: ஆம். காரணம்: மார்கழி நோன்பு" என்று என் கையாலேயே எழுதினேன். பாவி, காரணம் என்று ஒரு கட்டம் போட்டு அதை நிரப்பவும் செய்தேன்.

கூடாரவல்லி அன்று அக்காரவடிசல் கொண்டுவந்தாயே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மாதம் முழுக்க விட்டிருந்த நெய்யும் பாலும் அன்றைக்குத்தான் வாய்க்கு வரும். நீ தொடவில்லை. "நாலு வாய் தின்னா வயிறு திம்முனு ஆயிருது, நீ தின்னு." நான் டப்பாவை வழித்து வழித்துத் தின்றேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

என் கை ஒழுங்காக வேலை செய்ததுதான் வினையாகப் போயிற்று. கை வைத்த அன்று இறுகிய தசை இளகும், நாலு நாள் நிம்மதியாக இருப்பாய், மறுபடி வருவாய். வலி அடங்காமல் இருந்திருந்தால் நீயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாய். உன்னைப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது என் கைதான்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம். பால் குடிக்கிறாய், நெய் சேர்க்கிறாய், எடை மட்டும் ஏறவில்லை. மல்லாந்து படுக்க முடியவில்லை என்று தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாய். படுத்தாலும் அடங்காத வலி இது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே சீட்டு எழுதி மதுரைக்கு அனுப்பினேன். கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஈரல்வரை பரவியிருந்தது. முதுகில் வலித்தது வயிற்றுக்குள் இருந்திருக்கிறது.

உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் கேட்டேன், ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் என்று. "சொல்ல முடியாதும்மா. இது அப்படிப்பட்டதுதான். ஒருவேளை கொஞ்சம் வழி இருந்திருக்கலாம்" என்றார். அந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? அவர் அதையும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மார்கழியிலேயே உன்னை அனுப்பியிருக்க வேண்டும் என்று உன்னிடம் சொல்லிவிடத்தான் ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் "வா, வந்து காலப் பிடிச்சு விடு" என்பாய். பாதம் இரண்டும் வீங்கிக் கிடந்தது. பிடித்துவிட்டுவிட்டுத் திரும்ப பஸ் ஏறிவிடுவேன். தெரிந்துதான் என் வாயை அடைத்தாயா, தெரியாமலே போய்விட்டாயா? ஆனி மாதம் நீ போனாய். உன்னைக் கொண்டுபோன அன்று ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த உன் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு "கடைசி மட்டும் நீங்கதான் அவ வலியப் பாத்துக்கிட்டீங்க" என்று அழுதார். எனக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போல் இருந்தது.

இப்போதும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். நான் கேட்கிறேன், எழுதுகிறேன், கை வைக்கிறேன். வலி போச்சு என்று அவர்கள் சிரிக்கும்போது தாளை எடுத்து எடைக் கட்டத்தை மறுபடி பார்க்கிறேன். தொழிலை விட்டுவிடலாமா என்று நினைக்காத நாள் இல்லை.

போன வியாழக்கிழமை உன் அம்மா வந்தார். தனியாக பஸ் பிடித்து, முழங்காலில் கை ஊன்றிப் படியேறி. "இடுப்பு ஒரேயடியா இழுக்குது தாயி. நீ செத்த நேரம் கை வச்சாப் போதும்னு அவ சொல்லுவால்ல."

எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். உன் காரியத்தன்று பார்த்ததில் பாதி ஆளாக இருந்தார்.

"அவ போனதுல இருந்து சோறு எறங்கல" என்றார்.

அதைவிட நம்பக்கூடிய காரணம் உலகத்தில் உண்டா? நான் கையைக் கட்டிக்கொண்டேன். முதலில் டாக்டரைப் பாருங்கள், ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு கை வைக்கிறேன் என்று சீட்டு எழுதினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அவளுக்குக் கை வச்ச, எனக்கு வைக்க மாட்டியா?"

சீட்டை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாதிரி அவளுக்கும் எழுதிக் குடுத்தியா தாயி?"

"குடுத்தேன்ம்மா."

"அப்பச் சரி. செய்ய வேண்டியத நீ செஞ்சிருக்க" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

எந்த மாதம் கொடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. உன்னிடம் சொல்லாததை நான் அவரிடமும் சொல்லவில்லை.