பால்கனியின் கடைசி வரிசை

ஜனவரி 14, புதன்

தலையில் ஹெல்மெட், காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ். இத்தனை வருஷம் கறுப்புக் கோட்டும் போ-டையுமாக டிக்கெட் வாங்கிப் பார்த்து, வந்தவர்களை இருக்கையில் உட்கார வைத்தவன் நான். இப்போது தூசிக்குள் நின்று புது நாற்காலிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நோரீன் என் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்கிறாள். பொண்டாட்டி என்றால் இப்படியா!

பெயர்தான் நாட்டின் இசையரங்கம். அந்தக் காலத்தில் ஆற்றங்கரைத் தானியச் சந்தை. கோதுமை விற்கக் கட்டிய இடத்தில் சங்கீதம் வந்து குடியேறினால் என்ன ஆகும்? பால்கனியின் பின் வரிசைகளுக்கு ஒன்றும் கேட்காது. வயலின்காரர்களின் கை ஆடுவது மட்டும் தெரியும். திருமதி கியூசாக் வெள்ளிக்கிழமை தவறாமல் கடைசி வரிசைக்குத்தான் வருவார். அவருடைய பென்ஷனுக்கு அந்த டிக்கெட்தான் கட்டும். போகும்போது கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொல்வார், "இன்னைக்கும் நல்லா பார்த்தேன், தம்பி." கேட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் பல்லைக் காட்டிவிட்டுக் கதவைத் திறந்துவிடுவேன்.

இன்று ஃபிடெல்மா சாரத்தில் ஏறிப் புதுக் கூரையின் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஆர்கெஸ்ட்ராவில் புல்லாங்குழல் வாசித்தவள், இப்போது இந்த வேலை முழுவதற்கும் பொறுப்பு. கீழே நின்று பார்த்த எனக்குத்தான் தலை சுற்றியது. அவள் மேலிருந்து, "மாலக்கி, டீ போட்டாச்சா?" என்று கத்துகிறாள். என்ன பிறவியோ!

ஜனவரி 23, வெள்ளி

வயிற்றெரிச்சல். பால்கனியின் பின் வரிசைகளே நிர்வாகக் குழுவுக்கு வேண்டாமாம். அவற்றை எடுத்துவிட்டு, கண்ணாடி போட்டு, ஆற்றைப் பார்த்தபடி குடிக்க ஒரு பார் வேண்டுமாம். இந்த ஊரில் பாருக்கா பஞ்சம்?

ஃபிடெல்மா எழுந்தாள். "இந்தக் கூரை கடைசி வரிசைக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும். சோதனை பண்ணிப் பாருங்க. போகலைன்னா நான் வேலையை விட்டுடுறேன், நீங்க பாரைக் கட்டிக்கோங்க" என்றாளாம். குரல் கூட உயரவில்லையாம்.

ஹார்ன் என்னும் பித்தளைக் குழல் வாசிக்கும் டைக் ஹெஷன் வாத்தியக்காரர்களின் பிரதிநிதி. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னான்: "கூரையை மாத்தினா கீழ எங்க சத்தம் என்ன கதியாகும்? சோதனையில தேறலைன்னா நாங்க பார் பக்கம்தான். அங்க உக்காந்து அழவாவது வசதியா இருக்கும்."

அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஆனாலும் கோபம்.

பிப்ரவரி 2, திங்கள்

மழை. கூரை ஒழுகவில்லை. அதுவே ஆறுதல்.

பிப்ரவரி 9, திங்கள்

ஒலி நிபுணர் யென்ஸ் டென்மார்க்கிலிருந்து வந்துவிட்டார். சிரிக்கத் தெரியாத மனுஷன், ஆனால் வேலையில் புலி. அரங்கம் நிறைய ஆட்கள் வேண்டுமாம், அதுவும் குளிர்கால கோட்டோடு. கம்பளித் துணி சத்தத்தைக் குடிக்குமாம். ஆர்கெஸ்ட்ரா மெல்ல வாசித்து நிறுத்தும். அந்த ஓசை எப்படி அடங்குகிறது என்று மைக்குகள் பதிவு செய்யும். அதுவரை யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது.

"உங்க மக்கள் அமைதியா இருப்பாங்களா?" என்று கேட்டார்.

"கோவில்ல இருக்காங்களே" என்றாள் ஃபிடெல்மா.

"நீ கோவில்ல முன்னாடி உக்கார்றவ. பின்னாடி நின்னு பேசுற ஆம்பளைங்களை நீ பார்த்ததே இல்லை" என்றேன். யென்ஸ் இதைக்கூடக் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஃபிடெல்மாவோடு ஊரெல்லாம் அலைந்து ஆள் பிடிக்கிறோம். பங்குச் சாமியார் பூசை முடிவில் அறிவித்தார். பஸ் டிப்போவில் அவள் மேஜை மேல் ஏறி நின்று பேசினாள். ஒரு டிரைவர், "சும்மா உக்காந்திருக்கணும், வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதானே? வீட்டுல தினமும் அதைத்தான் பண்றேன்" என்றான். உடனே எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். கன்னியாஸ்திரிகள் வருகிறார்கள், ஹர்லிங் மட்டையாட்டக் கிளப் வருகிறது. திருமதி கியூசாக்கைக் கேட்க நானே போனேன். "என் இடம்தானே குடுப்பீங்க?" என்றார்.

திரும்பும் வழியில் ஃபிடெல்மா பஸ்ஸில் தூங்கிப்போனாள். கையெல்லாம் மரத்தூள், நகமெல்லாம் உடைந்திருந்தது. இவளுக்கு இதில் என்ன லாபம்? மேடையில் உட்கார்ந்தவளுக்குப் பின் வரிசை ஏன் இத்தனை வலிக்க வேண்டும்? எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

பிப்ரவரி 21, சனி

போச்சு. எல்லாம் போச்சு.

காலையில் கூட்டம் அலைமோதியது. நனைந்த கோட்டு வாசனை, பிளாஸ்க், சாண்ட்விச். நான் பால்கனியில் கடைசி வரிசைப் பக்கம் நின்றேன். திருமதி கியூசாக் கண்ணை மூடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். யென்ஸ் கையைத் தூக்கினார். ஆர்கெஸ்ட்ரா மெல்ல, மெல்ல வாசித்து நிறுத்தியது. அப்படி ஓர் அமைதி!

அப்போது பார்த்து மேடையில் டைக் தும்மித் தொலைத்தான்.

"ஆண்டவர் காப்பாத்தட்டும்!" என்றார் திருமதி கியூசாக்.

அவ்வளவுதான். கீழே, மேலே, பக்கவாட்டில், அரங்கம் முழுக்க, "ஆண்டவர் காப்பாத்தட்டும்!" கன்னியாஸ்திரிகள் சிலுவை போட்டார்கள். டைக் எழுந்து குனிந்து, "ரொம்ப நன்றி" என்றான். சிரிப்பு! அதற்குப் பிறகு எங்கே அடங்குவது? மறுபடி முயன்றால் ஹர்லிங் பையன்கள் களுக்கென்று சிரிக்கிறார்கள். இன்னொரு முறை முயன்றால் பஸ்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மத்தியானம் இங்கிலாந்தோடு ரக்பி ஆட்டம்! எல்லாரும் ஓடிவிட்டார்கள்.

யென்ஸுக்குக் காது சிவந்துவிட்டது. "ஒருத்தர் தும்மினா எதுக்கு எல்லாரும் பேசணும்?"

எங்க ஊர் வழக்கம் அப்படி. தும்மினால் சொல்லாமல் எப்படி இருப்பது? எனக்கும் வாயில் வந்துவிட்டது. நானும்தான் சொன்னேன்.

"இதை வச்சு என்னால எதையும் உறுதியா சொல்ல முடியாது" என்று வயர்களைச் சுருட்டினார். திங்கட்கிழமை குழு கூடுகிறது. ஃபிடெல்மா மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன். "நல்ல ஜனங்கடா, மாலக்கி" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிப்ரவரி 22, ஞாயிறு

நோரீன் முட்டையைப் பொரித்துக்கொண்டே கேட்டாள். "முதல்ல சொன்னது யாரு?"

"கியூசாக் அம்மாதான். என் பக்கத்துல இருந்தவங்க."

"அப்போ நீ எங்க நின்னே?"

"கடைசி வரிசையிலடி, வேற எங்க?"

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "மேடையில தும்மினது அவங்களுக்கு எப்படிய்யா கேட்டுச்சு?"

மடையா, மடையா! நானும்தானே கேட்டேன்! போனை எடுத்து டைக்கைக் கூப்பிட்டேன். ரக்பி பார்த்துக் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது அவனுக்கு.

"எவ்வளவு சத்தமா தும்மினே?"

"என்னய்யா ஞாயித்துக்கிழமை காலையில... மன்னிப்பெல்லாம் கேட்டாச்சே! சட்டைக் கைக்குள்ள அமுக்கிட்டேன். பக்கத்துல உக்காந்த பொண்ணுக்கே தெரியலை. அந்தக் கிழவிதான் முன் வரிசையில இருந்து சொல்லி மானத்தை வாங்கிடுச்சு."

"அவங்க முன் வரிசையில இல்லை, டைக். பால்கனி. கடைசி வரிசை. கண்ணை மூடிட்டு இருந்தாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்குப் பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சேடா" என்றான்.

முட்டை கருகிப்போனது. நோரீன் திட்டவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

நான் விஷயத்தைச் சொன்னதும், குழு கூடும் முன் யென்ஸ் தன் பதிவைப் போட்டுக் காட்டினார். கடைசி வரிசை மைக்கில் டைக்கின் தும்மல் தெளிவாக இருக்கிறது. மேடை மைக்கில் திருமதி கியூசாக்கின் ஆசீர்வாதம். இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அந்த மனுஷன் சிரித்தே விட்டார். பல் வரிசை அழகாகத்தான் இருக்கிறது.

குழுவில் பேசியது டைக். யாரும் அவனைக் கேட்கவில்லை, தானாகவே எழுந்தானாம். "நான் அமுக்கின தும்மலே அங்க போகுதுன்னா, நான் வாசிக்கிறது போகாதா? அங்கிருந்து ஒரு அம்மா வேண்டிக்கிட்டது என் காதுல விழுது. எங்களுக்கு இந்தக் கூரை போதும்."

வரிசைகள் இருக்கும். ஃபிடெல்மாவும் இருப்பாள். வெளியே வந்தவள் என் ஹெல்மெட் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "டீ எங்கடா?" என்றாள். போட்டுக் கொடுத்தேன். நான் போட்ட டீயிலேயே நல்ல டீ அதுதான்.

ஏப்ரல் 17, வெள்ளி

திறந்தாயிற்று. மறுபடி கறுப்புக் கோட்டு, போ-டை. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கம். பெரிய மனுஷர்கள் எல்லாம் கீழே உட்கார்ந்திருக்க, ஃபிடெல்மா மட்டும் பால்கனிக்கு ஏறி வந்து என்னோடு சுவரோரம் நின்றாள். அவர்கள் வாசித்ததைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. ஹார்ன் தனியாக எழுந்த இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டைக் சண்டாளன், என்னமாய் வாசித்தான்!

முடிந்ததும் வழக்கம்போல் கதவைத் திறந்துவிட்டேன். திருமதி கியூசாக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"அந்த ஹார்ன்காரனுக்கு இன்னும் சளி போகலை போல. நோட்டுப் புரட்டுற சத்தம் வேற. எல்லாம் கேக்குது, தம்பி. எல்லாமே கேக்குது."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். ஃபிடெல்மா தள்ளி நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

சொன்னேன்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.