நடந்தால் உடம்பு இறுகும் செருப்பு

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்ல, பக்கத்து அறைக்காரர் எழுதுகிறார்.

பெரியவள் பிறந்து, புயலில் நம் கூரை பறந்த வருஷம் நாங்கள் நான்கு பேர் இங்கே வந்தோமே, அதில் இரண்டு பேர் முன்னமே போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும்; இப்போது எனக்குக் கடிதம் எழுதித் தரும் தையல்காரரும் போய்விட்டார். நடந்தாலே உடம்பு இறுகும் என்று விற்ற, அடி வளைந்த செருப்பை ஆசையாக வாங்கினார்.

“செருப்பு போட்டா தொந்தி கரையுமாய்யா? விக்கிறவன் தொந்தியப் பாத்தியா?” என்றேன்.

“உனக்குப் பொறாமைய்யா!” என்று சிரித்துக்கொண்டே படி இறங்கினார். கால் புரண்டு விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவேயில்லை.

போன கடிதத்தில் நீயும் கேட்ட அந்தச் செருப்பை வாங்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பதிலை மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதச் சொல். அறையில் இப்போது பாய் விரிக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. எழுதுபவர் வேலைக்குக் கிளம்புகிறார். சேர்ந்து வந்தவர்களில் இனி நான் ஒருத்தன்தான்.