கண்ணசந்த மத்தியானம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுவது. நான் இங்கே நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. நீ அங்கே நலமா என்று கேட்டால் உண்மையைச் சொல்லப்போவதும் இல்லை. அதனால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிடலாம்.

உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. "எல்லோரும் சௌக்கியம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று அலையாதே." அவ்வளவுதான். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்திலெல்லாம் எழுதி, இடம் போதாமல் உறையின் உள்பக்கத்திலும் எழுதுகிறவள் நீ. மாடி வீட்டுக்காரி தண்ணீர்த் தொட்டியை வழிய விடுகிறாள் என்பதற்கே ஒரு பக்கம் ஒதுக்குவாய். அத்தானின் குறட்டைக்கு அரைப் பக்கம். இப்போது எல்லோரும் திருந்திவிட்டார்களா என்ன?

போன் எதற்கு இருக்கிறது என்பாய். போனை எடுத்தால் என் கவுன்சலிங் தொழில் குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருநாள் நீ உன் மருமகளைப் பற்றி ஏதோ சொல்ல, "ம்... அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று உன்னையே கேட்டுவிட்டேன். "என்னடி, யாருகிட்டப் பேசுறேன்னு நெனப்பு? எனக்கும் டோக்கன் குடுப்பியா?" என்று நீ கிழித்தாய். கையில் பேனா இருந்தால் அந்தக் குரல் வருவதில்லை.

அக்கா, களைப்பாக இருக்கிறது. தூங்கி எழுந்தால் தீர்கிற களைப்பாகத் தெரியவில்லை. கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்களுக்கென்ன மேடம், ஃபேனுக்கடியில உக்காந்து கதை கேக்குற வேலை" என்பார். தப்பில்லை. நான் எதையும் தூக்குவதில்லை, சுமப்பதில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் பேசும்போது என் முகத்தை நான் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதிர்ச்சி தெரியக் கூடாது, அவசரம் தெரியக் கூடாது, பசி தெரியக் கூடாது. அவர் அழ ஆரம்பித்ததும் டிஷ்யூ பெட்டியைச் சட்டென்று நகர்த்திவிடக் கூடாது. அழுகையை நிறுத்து என்று சொன்னதாக ஆகிவிடும். ஒருவர் மனைவி செத்ததைச் சொல்லிவிட்டுப் படி இறங்குவார், அடுத்தவர் பரீட்சைப் பயத்தோடு படி ஏறுவார். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம், மெத்தைத் திண்டைத் தட்டி வைக்கலாம். சாயங்காலம் காய்கறிக் கடையில் பேச்சு வராமல் விரலை நீட்டித்தான் வாங்குகிறேன். சின்ன வயதில் என் வாயை அடைக்க நீ மிட்டாய் வாங்கித் தருவாயே, அந்த வாய்தான் இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தப்பு நடந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் வருகிற ஒருவரை லிஃப்ட் மெக்கானிக் என்று வைத்துக்கொள். அவருடைய நிஜத் தொழில் வேறு. பெயரும் ஊரும் கேட்காதே, சொல்லவும் மாட்டேன். நெஞ்சை அடைக்கிறது என்று டாக்டர் டாக்டராக அலைந்து, எல்லா டெஸ்ட்டும் எடுத்து, ஒன்றுமில்லை என்று கையை விரித்து என்னிடம் அனுப்பினார்கள். ஒரு வருஷமாக வருகிறார். நாக்கு நுனியிலேயே 'பரவாயில்லை'யை வைத்துக்கொண்டு அலைகிற மனுஷர். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் இவர் மன்னிப்புக் கேட்பார். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "சாப்டீங்களா டாக்டர்?" என்பதுதான். நான் டாக்டர் இல்லை என்று விளக்கமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க டாக்டர்" என்றார்.

அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம். அந்த நேரத்தை நான் காலையிலிருந்தே எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன். மற்றவர்கள் வரும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வேன், இவர் வரும்போது சாய்ந்துகொள்வேன். அவர் தேறி வருகிறார், அதனால்தான் எனக்கும் லேசாக இருக்கிறது என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். நிஜம் அதுவல்ல. ஊரையெல்லாம் தாங்குகிற மனுஷர் என்னையும் தாங்க ஆரம்பித்துவிட்டார், நானும் சொகுசாக இருந்துவிட்டேன். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடிப் பாடம். படித்து முடித்து இத்தனை வருஷம் கழித்து அதில் போய் விழுந்தேன்.

அன்றைக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. உட்கார்ந்து, "இன்னிக்கு ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. வீட்டுல அவளுக்கே தெரியாது" என்றார். இதற்காகத்தான் இருவரும் ஒரு வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். மெதுவாக ஆரம்பித்தார். அதில் அவருடைய தம்பி வந்தான். ஒரு சாவி வந்தது. சாவி வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண்ணசந்துவிட்டேன், அக்கா.

விழித்தபோது என் பிடரியில் வெயில் படாமல் ஜன்னல் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. கடகடவென்று சத்தம் போடுகிற ஃபேனை அவர் எழுந்து போய்க் குறைத்து வைத்திருந்தார். தன் இடத்தில் திரும்பி வந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "இன்னும் நேரம் இருக்கு, அவசரமில்ல" என்றார். பிறகு எழுந்து, "சொன்னதுல மனசு லேசாயிடுச்சுங்க" என்று வேறு சொன்னார். வெட்கங்கெட்ட நான் சிரித்த முகத்தோடு, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவந்தார். எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக உரக்கப் பேசினார். வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெரிய மனிதர் பண்ணிய கூத்தை நடித்துக் காட்டினார். நான் தூங்கிவிடக் கூடாதே என்று அந்த மனுஷர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, போன வாரம் நீங்கள் பேசும்போது நான் தூங்கிவிட்டேன் என்றேன். "இல்லையே, கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டில்ல இருந்தீங்க" என்று எனக்கு ஒரு சாக்கையும் அவரே எடுத்துக் கொடுத்தார். இல்லை, தூங்கினேன், நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "பரவாயில்லைங்க. உங்களுக்கு எவ்வளவோ வேலை" என்றார். அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை.

வராதவருடைய நேரத்தை நாங்கள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த நேரம் அவருடையது, முடிகிறவரை அறையில் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். என் அறையில் கடிகாரம் வருகிறவர்களுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. அவர்கள் பேச்சை வெட்டாமல் நான் மணி பார்ப்பதற்காக. அங்கே உட்கார்ந்தால் தெரிவது என் நாற்காலியும் அதற்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சமும்தான். வெளிச்சத்துக்கு எதிரே என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நம்பி அவர் எவ்வளவு தூரம் சொல்லியிருப்பார்? எந்த வார்த்தையில் நிமிர்ந்து பார்த்திருப்பார்? அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். அவர் இனிமேல் வரமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. உயிரைக் கொடுத்து ஒரு தடவை வாய் திறந்தவர், இனி யாரிடமும் திறக்க மாட்டார்.

---

மேலே உள்ளதை எழுதிவிட்டு அப்படியே மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். மறுபடி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நேற்று அவர் வந்தார்.

வந்தவர் உட்காரவில்லை. ஃப்ளாஸ்கும் இல்லை. "ஒரு வருஷமா வாயத் தொறக்காதவன் அன்னிக்குத்தான் தொறந்தேன். அன்னிக்குப் போயா தூங்குவீங்க? வேற நாளே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. "பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போனேன். எனக்கு அது பரவாயில்லன்னு இல்ல. வீட்டுக்குப் போய்த் தலகாணியப் போட்டு அடிச்சேன். எம் பொண்டாட்டி பயந்துட்டா." கீழிருந்து கண்ணாடிக் கடைக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். கதை கேட்கிற வேலைதான் நடக்கிறது, நீங்கள் போங்கள் என்று அனுப்பினேன்.

நான் சமாதானம் சொல்லவில்லை. வேலைப் பளு என்று சொல்லவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். என் அழுகையையும் அவர் தாங்க ஆரம்பித்துவிடுவார் என்று பயம். அவர் சொல்வது அத்தனையும் நியாயம் என்று மட்டும் சொன்னேன். அந்த மனுஷருக்கு மூச்சு வாங்கியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்றேன். நிமிர்ந்து உக்காருங்க" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னதை எழுத மாட்டேன். சாவி வந்த இடத்தைத் தாண்டிப் போனோம் என்று மட்டும் தெரிந்துகொள்.

அவர் போன பிறகு ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடியே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உன் போன் ஞாபகம் வந்தது. இல்லை, பொய் சொல்லக் கூடாது, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்றே வந்தது. அதை அன்று தள்ளிவிட்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் படுத்தபடியே காதில் போனை வைத்துக்கொண்டிருந்தேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி, பதறாதே" என்று ஆரம்பித்தாய். ம், சொல்லு என்றேன். பிறகு ம், ம் என்று என் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும், அதற்கு நல்ல பழக்கம். நான் விழித்தபோது லைன் அறுபடவில்லை. அந்தப் பக்கம் நீ எதுவும் பேசாமல், வைக்கவும் வைக்காமல் இருந்தாய். நான் ஹலோ என்றதும், "ஒண்ணுமில்ல, நீ நல்லாத் தூங்கு" என்று சொல்லி வைத்தாய். அதற்குப் பிறகுதான் உன் கடிதம் இப்படிச் சுருங்கிப்போனது.

இன்று காலை அத்தானின் ஆபீசுக்குப் போன் போட்டேன். அக்காவுக்கு என்ன என்று நான் கேட்பதற்குள் அவரே, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. உங்கக்காதான் சொன்னா, 'தங்கச்சிகிட்ட முழுசாச் சொல்லிட்டேன், அவளும் பொறுமையாக் கேட்டுக்கிட்டா, இனிமே அவளப் போட்டுத் தொல்லை பண்ணாதீங்க'ன்னு. அதான் நான் கூப்பிடல" என்றார். மாதக் கடைசியில் அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்களாம். நான், ஆமாம் அத்தான், தெரியும், தைரியமாக இருங்கள் என்றேன். அதே குரலில். எதற்கு அட்மிட் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேள்வி கேட்டே பிழைக்கிறவள் நான்.

கட்டின புருஷனிடம்கூட என்னை நீ காட்டிக்கொடுக்கவில்லை. பொறுமையாகக் கேட்டாளாம். இதற்கு நீ என்னை நாலு பேர் முன்னால் கேவலமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எந்த இடத்தில் கவனித்தாய், அக்கா? டாக்டர் சொன்னதைச் சொல்லும்போதா, அதற்கு முன்னாலேயேவா? எவ்வளவு நேரம் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்?

டிக்கெட் எடுத்துவிட்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக், "இப்பத்தானே ஆரம்பிச்சோம், அதுக்குள்ள லீவா?" என்று போனிலேயே முறைத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். போனில் சொன்னால், சீ போடி என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

நான் வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்காதே. இளைத்துப்போய்விட்டாய் என்று சொல்லாதே. களைத்து வந்திருக்கிறாள் என்று எனக்குப் பாய் விரிக்காதே. அத்தானைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்து. முதலில் திட்டு. மனசில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் திட்டு, வேண்டுமானால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டும் வை. திட்டி முடித்ததும் எதிரில் உட்கார்ந்து, பதறாதே என்று சொன்னாயே, அங்கிருந்து மறுபடி ஆரம்பி. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

நீ கும்பிடுகிற சாமி நான் வந்து சேரும்வரை உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உனக்கு என்ன உடம்புக்கு என்று எனக்கு இன்னும் தெரியாது, அக்கா.

இப்படிக்கு,
உன் வாயாடி