இடது பின் சில்லு

2.4.95 ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம். கடலோரத் தரவை வெளி முற்றாகக் காய்ந்துவிட்டது. மேலே உப்புப் பொருக்கு, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஓட்டத்துக்கு நல்லது.

வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி. அது முடிய எங்கள் கார்ட் ஓட்டம், நாங்களே ஒட்டிப் பூட்டின குட்டி எஞ்சின் வண்டிகள். சவாரிக் குழுத் தலைவர் தம்பிமுத்தர் சம்மதம், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"மாடு களைச்சால் நாக்குத் தொங்கும், நிப்பாட்டலாம். உதுக்கு எங்கையடா நாக்கு?"

நாலு வண்டி. நாலிலும் தோட்டத்துக்கு இறைக்கிற அதே வோட்டர் பம்ப் எஞ்சின். அதே மண்ணெண்ணெய். ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு துளி பெற்றோல், கண் மருந்துப் போத்தலில். நேசன் (கராஜில் என்னோடு வேலை, போட்டியும் அவன்தான்) எஞ்சினையே கிண்டிக்கொண்டிருக்கிறான். மடையன். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றால் வித்தியாசம் சேசிஸ்தான், அடிக் குழாய்ச் சட்டம்.

அவனுக்குச் சொல்ல: பின் அச்சு ஒரே கம்பி. இரண்டு பின் சில்லும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உள்பக்கச் சில்லு கொஞ்சத் தூரம்தான் போகவேண்டும், அச்சு விடாது. ஆகவே அது நிலத்தை விட்டு எழும்பவேண்டும். எழுப்புவது சேசிஸ். அளவாக முறுகவேண்டும். விறைத்த சேசிஸ் திரும்பாது, நேரே போய் வேலியில் ஏறும்.

என்னுடையது தண்ணிப் பைப். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி. குகனுடையது எழும்பும்.

குகன் போன ஆவணியில் கொழும்புக்கு என்று கிளாலியால் வெளிக்கிட்டவன். வள்ளம் ஏறினதைக் கண்ட ஆள் உண்டு. அக்கரையில் இறங்கினதைக் கண்ட ஆள் இல்லை. சேசிஸ் அவன் வீட்டு மாட்டுக்கொட்டிலில் தொங்குகிறது. கேட்கவேண்டும்.

3.4 திங்கள்

கேட்டேன். குகனின் தாய் பத்மா மாமி ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை.

"கொண்டுபோ தம்பி. வந்தால் கேப்பான், கறள் பிடிக்க விட்டியளோ எண்டு."

மத்தியானம். குகனுக்கும் தட்டு வைத்திருந்தா. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மேலே மூடி. தினமும் வைக்கிறாவாம். அவன் உயிரோடை இருக்கிறான் என்று சாத்திரி சொன்னவராம், தெற்குத் திசையாம். சாத்திரியிடம் கேட்க எனக்கு வேறு கேள்விகள் உண்டு.

குகனின் தங்கை கலா சேசிஸை இறக்க உதவினாள். லேசு. தனி ஆளாய்த் தூக்கலாம். ஒட்டுகள் சுத்தம். குகன் குழாய்க்குள் காய்ந்த மணல் அடைத்து, சூடாக்கி, பனையில் வைத்து வளைத்தான். நானும் நின்றேன். மணல் முழுக்கத் தட்டிக் கொட்டினது நான்தான்.

வேலை: எஞ்சின் மாற்ற. செயின். பிரேக் கம்பி. தலையிடி.

5.4 புதன்

பி.ப. முதல் ஓட்டம். தரவையில் ஒரு சனமும் இல்லை. ஒரு கொக்கு.

நேரே நல்லாய்ப் போகிறது. வலப்பக்கம் திருப்பினால் கத்தி மாதிரி. இடப்பக்கம் திரும்பவே இல்லை. ஸ்ரியறிங்கை முழுக்க ஒடித்தும் முன் சில்லு இரண்டும் மண்ணை உழுதுகொண்டு நேரே. இடது பின் சில்லு எழும்பவில்லை.

சவாரித் திடலில் பீப்பாவைச் சுற்றித் திரும்புவது இடப்பக்கம்தான்.

இறங்கித் தடத்தைப் பார்த்தேன். வலது சில்லுத் தடம் சும்மா கீறல். இடது தடம் விரல் ஆழம். பொருக்கு உடைந்து அடியில் கறுத்த சேறு.

எஞ்சின் வலப்பக்கம் இருக்கிறது. பாரம் வலப்பக்கம்தான். வலது தடம் அல்லவா ஆழமாய் இருக்கவேண்டும்?

6.4 வியாழன்

ரயர் இடம் வலம் மாற்றினேன். அதே. காற்று சரி பார்த்தேன். அதே. அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் உருட்டினேன். நேர்.

நேசனை ஏற்றினேன். ஒரு சுற்றுப் போய் வந்து எஞ்சினை நிற்பாட்டாமலே இறங்கினான்.

"என்னடா?"

"இல்லை... இடப்பக்கம் ஆரோ இருக்கிற மாதிரி."

இடப்பக்கம் வெறும் தகடு. ஓட்டம் பார்க்கும்போது குகன் அதில்தான் குந்துவான். ஒரு கை என் தோளில், காது எஞ்சினில். இரண்டு பேர் ஏறாதேயுங்கோடா என்று தம்பிமுத்தர் கத்துவார்.

"குகன் ஏறி இருக்கிறான் போலை, இறங்கச் சொல்லு," என்றேன். பகிடிக்கு. நேசன் சிரிக்கவில்லை. ரயர் ஒட்ட வந்து நின்ற இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மச்சான், இனி உதிலை நான் ஏறமாட்டன்."

பொறியியல் படித்தவன் பேச்சு!

8.4 சனி

மு.ப. கராஜ் வாசலில் பத்மா மாமி. குடை இல்லை, செருப்பு இல்லை. கதை ஊர் சுற்றிப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"தம்பி, அவன் ஏறி இருக்கிறானெண்டு சொன்னியாம்."

"பகிடிக்குச் சொன்னது மாமி."

"பாரம் இருக்கோ இல்லையோ?"

பொய் சொல்லத் தெரியாது. "இருக்கு. காரணம் கண்டுபிடிப்பன்."

அவ அந்த வெறும் தகட்டைத் தடவிப் பார்த்தா.

"உயிரோடை இருக்கிறவன் உதிலை வந்து இரானே. நான் எட்டு மாசம் சோறு வைக்கிறன். ஆருக்கு வைக்கிறன்? வருசம் பிறக்க முதல் ஐயரைக் காணவேணும். தர்ப்பையிலை எண்டாலும் உருவம் செய்து, செய்யவேண்டியதைச் செய்துபோட்டு இருப்பம்."

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

9.4 ஞாயிறு

கலா வந்தாள். சைக்கிளை விட்டு இறங்காமலே கதைத்தாள், கோபம்.

"ரஞ்சன் அண்ணை, உங்கடை வாய்க்கு ஒரு பூட்டு இல்லையோ? அம்மா அந்தத் தட்டைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பித் திரியிறா. நேத்து வைக்கேல்லை. வைக்காமல் போய்ப் படுத்தவ, இன்னும் எழும்பேல்லை."

"நான் என்ன செய்ய?"

"படிச்சனீங்கள்தானே. என்ன பழுதெண்டு கண்டுபிடிச்சு வந்து சொல்லுங்கோ."

சரி. பழுது இல்லாமல் பாரம் இருக்காது. அரிசிக் கடையில் கொளுவித் தராசு வாங்கி வந்து ஒவ்வொரு மூலையாய்த் தூக்கி நிறை பார்த்தேன். வெறும் வண்டி: எஞ்சின் பக்கம் கொஞ்சம் கூட. சரி. நான் ஏறி இருக்க நேசன் நிறை பார்த்தான்: அதே மாதிரி. சரி.

நின்றால் சரி. ஓடினால்தான் இடது பக்கம் பாரம்.

ஓடினால்தான் அவனும் ஏறுவான். நின்ற வண்டியில் ஒருநாளும் குந்தினதில்லை.

இதை ஏன் எழுதினேன். மடைத்தனம்.

10.4 திங்கள்

குழாய்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். எல்லாம் வெறுங்குழாய்ச் சத்தம். வெடிப்பு இல்லை. ஒட்டு விடவில்லை.

கடைசிச் சோதனை. வலப்பக்கத் தகட்டில் கல் கட்டி ஓடினேன். தடம் இரண்டும் ஒரே ஆழம் வரும்வரை கல் கூட்டினேன். வந்தது. வந்ததும் இடப்பக்கம் ஒழுங்காகத் திரும்பியது.

கல்லை அவிழ்த்துச் சாக்கில் போட்டேன். தராசு பக்கத்திலேயே கிடந்தது. ஒரு கொளுவல், ஒரு பார்வை, முடிந்தது. எவ்வளவு பாரம் என்று தெரிந்திருக்கும்.

நிறுக்கவில்லை. குகன் என்ன நிறை என்று எனக்குத் தெரியும், இரத்தம் குடுக்கப் போனபோது இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறை பார்த்தவர்கள். கல்லை ஒவ்வொன்றாய் எறிந்துவிட்டு வந்தேன்.

மூடைக் கல் கட்டிக்கொண்டு ஓட்டத்துக்குப் போகேலாது. எல்லோரும் கேட்பார்கள், ஏன் என்று.

11.4 செவ்வாய்

பொய் சொன்னேன். எழுதி வைக்கிறேன், ஒருவருக்கும் சொல்லப்போவதில்லை.

மாமி பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தா.

"மாமி, பழுது கண்டுபிடிச்சாச்சு. வளைக்கேக்கை குழாய்க்குள்ளை அடைச்ச மணல். இடப்பக்கம் கொஞ்சம் இறுகி நிண்டிருக்கு. ஓடேக்கை அங்கை இங்கை ஓடியிருக்கு, அதுதான் பாரம். தட்டி எடுத்திட்டன்."

திரும்பினா. என் முகத்தைப் பார்த்தா. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வாய்மொழிப் பரீட்சைக்கு நின்ற மாதிரி நின்றேன்.

"அப்ப அவன் இல்லை?"

"இல்லை. வெறும் மண்."

எழும்பி இருந்தா. கலா கதவோடு நின்று மூச்சு விட்டாள், கேட்டது.

"அந்த மண் எங்கை?"

இதை யோசிக்கவில்லை.

"கராஜிலை."

"கொண்டுவா. அவன்ரை கையாலை அடைச்ச மண்ணல்லோ."

திரும்பிப் போய் கராஜ் கிணற்றடியில் ஒரு சிரட்டை மணல் அள்ளினேன். வெயிலில் காய்ந்த மணல். நல்லதண்ணிக் கிணறு, ஊரே வந்து அள்ளுகிறது. கொண்டுபோய்க் குடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினா. மணந்து பார்த்தா. நாக்கு நுனியில் ஒரு துளி வைத்தா.

"உப்பு. கடல் மண்ணிலையே அடைச்சவன்?"

"ஓம்," என்றேன்.

திரும்பி வந்து அதே இடத்தில் கிள்ளி நானும் வாயில் வைத்தேன். உப்பு இல்லை. இன்னொரு இடத்தில். இல்லை. நேசன் பார்த்துவிட்டான். "என்னடா மண் தின்னுறாய்?"

12.4 புதன்

மேகம். ஒரு துளி மழை இல்லை.

மாமி எழும்பிச் சமைத்தாவாம். தட்டும் வைத்தாவாம். ஐயர் வேண்டாமாம். கலா சொல்லி அனுப்பினாள், அதோடு இன்னொன்றும்: அம்மா சனிக்கிழமை திடலுக்கு வருகிறா. பீப்பாவடியில் நின்று பார்ப்பாவாம், சில்லு எழும்புதோ என்று. குகன் எத்தனையோ தரம் வீட்டில் விளங்கப்படுத்தியிருக்கிறான், உள்சில்லு எழும்பவேண்டும் என்று. அவவுக்குத் தெரியும் எதைப் பார்க்கவேண்டும் என்று.

நேசன் தன்னுடைய பழைய சேசிஸைத் தாறன் என்றான். வேறு சேசிஸில் போய் நின்றால் மாமி என்ன நினைப்பா? பாரம் இன்னும் இருக்கு, அதுதான் மாத்திப்போட்டான் என்று.

ஆக, இதே சேசிஸ். இடது சில்லு எழும்பவேண்டும். வெல்லுவது அதற்குப் பிறகுதான்.

13.4 வியாழன்

இருக்கையைக் கழற்றி மூன்று விரல் வலப்பக்கம் தள்ளிப் பூட்டினேன். எஞ்சின் சூடு முழங்கையில் சுடும். பரவாயில்லை. வளைவில் வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கப் பாரம் இன்னும் குறையும். கணக்குப்படி இதுவும் போதாது. கிட்டவரும்.

பூட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். இருக்கைக்கு இடப்பக்கம் இப்போது தாராளமாய் ஓர் ஆள் இருக்கலாம்.

15.4 சனி

சரியான வெயில். திடல் நிறையச் சனம், சண்டை இல்லாத வருசம் என்று பிள்ளை குட்டியோடு. சவாரி முடிய மாடுகளை அவிழ்த்துக் கட்டினார்கள். எங்கள் எஞ்சின் சத்தத்துக்கு மாடு ஒன்று கயிற்றை அறுத்தது. தம்பிமுத்தர் தூசணத்தில் வாழ்த்தினார்.

மாமி பீப்பாவுக்குப் பக்கத்தில். புதுச் சேலை. கலா கையைப் பிடித்துக்கொண்டு.

கொடி விழ நேசன் முன்னுக்கு. எஞ்சின் கிண்டினதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. நான் இரண்டாவது. பீப்பா வந்தது. மாமியின் கால் தெரிந்தது, அவ்வளவு கிட்ட. இடப்பக்கம் ஒடித்தேன்.

வலப்பக்கம் சாயவேண்டும். சாய எடுத்தேன், முடியவில்லை, முழங்கை எஞ்சினில் பட்டுச் சுட்டது, கையை இழுத்துவிட்டேன். நேரே மாமியை நோக்கிப் போகிறது வண்டி.

அப்போது இடது தோளில் பாரம். மெதுவாக. ஓர் ஆள் எழும்பி, என் தோளில் கை ஊன்றி, எனக்கு மேலால் வலப்பக்கம் சாய்கிற பாரம். குளிர். சட்டை நனைந்த மாதிரி.

சில்லு எழும்பியது. ஒரு சாண் எழும்பியிருக்கும். வண்டி பீப்பாவை வழித்துக்கொண்டு திரும்பியது.

சனம் கூவியது. அதற்குள் மாமி கை தட்டுகிற சத்தம் தனியாய்க் கேட்டது.

இரண்டாம் சுற்றிலும் அதே. நான் சாயவே முயலவில்லை.

நேசன் வென்றான். நான் இரண்டாவது, ஒரு வண்டி நீளம். எஞ்சினை நிற்பாட்டினேன். தோளில் பாரம் இல்லை. சட்டையின் இடப்பக்கம் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

மாமி சனத்தைத் தள்ளிக்கொண்டு வந்தா. சிரிப்பு. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறதை எட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

"பாத்தியே, என்ன லேசாய் எழும்பினது! மண்தான். வெறும் மண்தான். நான் விசரி, என்னெல்லாம் நினைச்சிட்டன்." குனிந்து சேசிஸ் குழாயைத் தட்டினா, மாட்டைத் தட்டுவது போல. "அவன் வந்தவுடனை நீதான் சொல்லவேணும் தம்பி, எப்பிடித் திரும்பினது எண்டு. நான் சொன்னால் நம்பமாட்டான்."

கலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் மாமி," என்றேன். "சொல்லுறன்."