சரிகை வைத்த தொப்பி

அன்பு மகன் அறிவழகனுக்கு, மாரண்டஹள்ளியிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சின்னம்மாளும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த ஊர் வெயிலில் நீயும் அப்படியே இருக்க நம்ம குலசாமி துணை நிற்கட்டும். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, கன்று நல்ல துடி. தக்காளிதான் இந்தத் தடவை காலை வாரிவிட்டது, மண்டியில் கேட்பாரில்லை, பாதியை மாட்டுக்குத்தான் கொட்டினோம். தினமும் போனில் பேசுகிற மனுசன் எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தான் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. வாட்ஸ்அப்பில் எனக்கு எழுத வராது, யாரையாவது எழுதச் சொன்னால் ஊரே படித்துவிடும். நம்ம ஊர்ச் சென்னப்பன் லீவு முடிந்து புதன்கிழமை நீ இருக்கிற தோஹாவுக்கே திரும்புகிறான், கவரை ஒட்டி அவன் கையில் கொடுக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நான் தலையைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவன் என்பது உனக்குத் தெரியும். மார்க்கெட்டில் மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்தால் ஓசூர் கம்பெனி ஆள், வெள்ளைத் தொப்பியைப் பின்னால் தள்ளி வைத்திருந்தால் கமிஷன் மண்டி, கோடையிலும் கம்பளிக் குல்லாயைக் கழற்றாமல் பஸ்ஸை விட்டு இறங்கினால் மலை ஊர்க்காரர், துண்டைத் தலையில் சுற்றியிருப்பவன் தன் காட்டில் தானே பாடுபடுகிறவன், அதே துண்டைத் தோளில் போட்டிருந்தால் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இதையெல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் தலையை மட்டும் யாரும் ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. மாரியம்மன் பண்டிகையில் ஊர்ப் பெரியவர்களுக்குத் தலைப்பாகையாக உருமால் கட்டி மரியாதை செய்கிறபோது நான் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வருவேன். என் அப்பனும் அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தார். வெளியில் சிரித்துக்கொள்வேன், உள்ளே எரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ அந்தப் போட்டோவை அனுப்பினாய். கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தலையில் தங்கச் சரிகை வைத்த தொப்பி. ஓட்டல் வாசலில் நின்று கார்க் கதவைத் திறந்துவிடுகிற வேலைப்பா என்று நீ முதல் நாளே பச்சையாகச் சொல்லிவிட்டாய், நீ எதையும் மறைக்கவில்லை. டீக்கடையில் போட்டோவைப் பார்த்த மாது, பையன் ஏர்போர்ட்டில் ஆபீசரா என்று கேட்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்துவைத்தேன். அடுத்த வாரம் வேறொருவர் கேட்டபோது ஆபீசர்தான் என்று என் வாயே சொல்லிவிட்டது. அப்புறம் கேட்காதவனிடமும் போனை நீட்டி நீட்டிக் காட்டினேன். இந்த வருஷம் பண்டிகையில் என்னைக் கூப்பிட்டு உருமால் கட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, அப்பா ராஜா கணக்கா இருக்கறீங்க என்று சந்தோஷப்பட்டாயே, அதை எதற்காகக் கட்டினார்கள் என்று இப்போது தெரிந்துகொள்.

பாப்பாரப்பட்டி மாதையன் தன் பெண் கவிப்பிரியாவுக்கு உன்னைக் கேட்டு வந்ததும் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். பெண் பாலக்கோட்டில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறது, நல்ல குணம். நீங்கள் இரண்டு பேரும் வீடியோவில் பேசியபோது சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் சாப்பிட்டீங்களா என்பதைத் தாண்டிப் பேச்சுப் போகவில்லை. ஆனாலும் அந்தப் பொண்ணு சிரிக்கறது நல்லாயிருக்குதும்மா என்று நீ சொன்னதை அம்மா என்னிடம் சொல்லிப் பூரித்துப்போனாள். உன் நம்பரைப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லி அவர்கள் கேட்டபோது, பூ வைத்த பிறகு ஆகட்டும் என்று தள்ளிப்போட்டது நான்தான். நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்ற பயம்.

மாதையனின் அக்கா மகன் அங்கே கார் ஓட்டுகிறானாம். ஒரு ஆளை இறக்கிவிட உங்கள் ஓட்டலுக்கு வந்தபோது நீதான் கதவைத் திறந்தாயாம். தமிழ் ஆள் என்றதும் தண்ணீர் பாட்டில் கொடுத்து நாலு வார்த்தை பேசினாயாம். போட்டோவில் பார்த்த முகம் என்று தெரிந்தும், தான் யாரென்று அவன் உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை, வீட்டுக்குத்தான் சொல்லியிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை மாதையன் தனியாக வந்தார். நாலு பேரைக் கூட்டிவந்து அசிங்கப்படுத்தியிருக்கலாம், செய்யவில்லை. கதவு திறந்துவிடுகிற வேலை தனக்கு ஒரு குறையே இல்லை, தானும் லாரியில் மூட்டை ஏற்றியவன்தான் என்றார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்தப் பொய்யி பையனுக்குத் தெரிஞ்சு சொன்னதுங்களா, தெரியாம சொன்னதுங்களா?"

அறிவு, அந்த இடத்திலாவது நான் மனுசனாக இருந்திருக்கலாம். உன் மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் சம்பந்தமாவது நிலைத்திருக்கும். எனக்கு என் மூஞ்சிதான் பெரிதாகப் பட்டது. "அவந்தாங்க ஆபீசருன்னு எங்களுக்குச் சொன்னான், நான் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லிவிட்டேன். மாதையன் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். காப்பி கொண்டுவந்த உன் அம்மா அங்கேயேதான் நின்றிருந்தாள். இத்தனை வருஷத்தில் என்னை நீ, வா, போ என்று ஒரு நாளும் சொல்லாதவள். "வெயில்ல நின்னு சம்பாரிச்சுப் போடறான் எம்புள்ள. அவனப் பொய்யன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துது?" என்றாள். அதோடு சரி, சோறு போட்டு வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை. அவள் பேசாததில் எனக்குக் கோபமில்லை, எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே பாலக்கோடு போய் அங்கிருந்து பாப்பாரப்பட்டிக்குப் போனேன். வாசலிலேயே துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண்ணையும் கூப்பிடச் சொல்லி, எல்லாம் நான் கட்டிய கதை, பையன் பாவம் ஒன்றும் அறியாதவன் என்று சொன்னேன். மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். நேற்று ஒன்று சொல்கிறீர்கள், இன்றைக்கு ஒன்று சொல்கிறீர்கள், எதை நம்புவது என்று பெண்ணின் அம்மா கேட்டார், கேட்காமல் என்ன செய்வார். அந்தப் பெண்தான் பேசியது. "கதவத் தொறந்து உடறதுல என்னங்க மாமா கேவலம். அவரு மேல பழியப் போட்டீங்களே, அத அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?" இன்னும் இல்லை என்றேன். "மொதல்ல அவருக்குச் சொல்லுங்க. அதக் கேட்டுட்டு அவரு என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியணும். அப்பறந்தான் நான் ஒரு வார்த்த சொல்லுவேன்" என்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் உனக்கு ஏற்ற பெண் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இதோ, உனக்குச் சொல்லிவிட்டேன். பெண்ணின் நம்பரை அதுவே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தது, இந்தக் கவருக்குள்ளே வைத்திருக்கிறேன், நீயே கூப்பிடு. கோயில் பெரியவர்களிடமும் போய்ச் சொல்லி உருமாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சிரித்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். கவிப்பிரியாவிடம் என்ன பேசுவது என்று நான் சொல்லித்தர மாட்டேன். அப்பா நல்லவர், ஏதோ தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காக மட்டும் பூசி மெழுகாதே. கோபமிருந்தால் கோபம் என்றே சொல், என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல். உன்னை நான் ஒரு தடவை பொய்யனாக்கிவிட்டேன், எனக்காக நீயும் ஒரு தடவை ஆகிவிடாதே.

நாள் முழுக்க நிற்கிற கால், ராத்திரி வெந்நீரில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டுப் படு, தண்ணீர் நிறையக் குடி. அம்மாவுக்குத் தனியாகப் போன் செய், உன் குரல் கேட்டால்தான் இரண்டு வாய் ஒழுங்காகச் சாப்பிடுவாள். நீ எந்தக் குறையும் இல்லாமல் குடும்பம் குட்டியோடு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓட்டல் வாசலில் கதவு திறந்துவிடும் அறிவழகனின் அப்பா
முனியப்பன்