அந்த வயரை அனுப்ப வேண்டாம்

கும்மிடிப்பூண்டி
12.2.1978

அன்பு மகன் குப்புராஜுக்கு அம்மா பச்சையம்மா எழுதுவது. அந்த வெயில் தேசத்துல நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோவு இல்லாம இருக்கணும்னு அம்மனை வேண்டிக்கினு எழுதறேன். நான் சுகம். அப்பாவும் நடமாட்டமா இருக்காரு, ஆனா அவரைப் பத்தி ஒரு சேதி இருக்கு, முழுசையும் படிச்சு முடிச்சுட்டு அப்புறமா கவலைப்படு.

டேப்புல பேசிப் பேசி அனுப்பறேனே, அப்பா ஏன் ஒரு வார்த்தைகூட பதில் சொல்ல மாட்டேங்கிறாருன்னு போன லெட்டர்ல கேட்டிருந்தே. அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான் நீ உன்கூட வேலை செய்யற நாகமுத்து கையில டேப் செட்டும் ஆம்ப்ளிபயரும் ரெண்டு ஸ்பீக்கர் பொட்டியும் கொடுத்தனுப்பினே. டேப் செட்டையும் ஆம்ப்ளிபயரையும் சேர்க்கிற வயர் வழியிலயே எங்கேயோ தொலைஞ்சு போச்சுன்னு எழுதியிருந்தேன் இல்லையா, ஊத்துக்கோட்டை ரேடியோ ரிப்பேர்காரர் வந்து சாதா கரண்டு வயரை முறுக்கி மாட்டிட்டுப் போனாரு. சத்தம் வந்துச்சு, ஆனா கூடவே ஙொய்யுன்னு ஒரு இரைச்சல், உன் பேச்சு அதுக்கு அடியில அமுங்கிப் போச்சு. நான் பொட்டிமேல காதை வெச்சுப் பாதி பாதியா புரிஞ்சுக்குவேன். அப்பா நாலு டேப் கேட்டாரு, அஞ்சாவது வந்தப்போ போடவே வேணாம்னுட்டாரு. என்னாண்ட பேசப் பிடிக்காம அவன் வாய்க்குள்ளயே முணுமுணுத்து அனுப்பறான், வெளிநாட்டுக்குப் போகாதேன்னு தடுத்தேன்ல, அந்தக் கோவம் அவனுக்கு இன்னும் தீரலைன்னு சொல்லிட்டு சட்டையை மாட்டிக்கினு மில்லுக்குக் கிளம்பிட்டாரு. இதை உனக்கு எழுத எனக்குக் கை வரலை.

ரிப்பேர்காரரை மறுபடியும் கூப்பிட்டேன். இந்த மெஷின் அந்த ஊர் கரண்டுக்குச் செஞ்சது, இங்க இப்படித்தான் பேஜாரு பண்ணும், என்னாண்ட கொடுத்துடுங்க, பதிலுக்கு நல்ல ரேடியோ ஒண்ணு தரேன்னாரு. பேசும்போது அவர் கண்ணு ஸ்பீக்கர் பொட்டி மேலயே இருந்துச்சு. தரமாட்டேன்னு அனுப்பிட்டேன். அப்புறம்தான் உன் லெட்டர் வந்துச்சு, வெள்ளிக்கிழமையிலயும் வேலை பார்த்து அரை மாசச் சம்பளத்துல நல்ல வயரா வாங்கி அனுப்பறேன்னு. படிச்சதும் எனக்கு ரோஷமா போச்சு. ஒரு முழம் வயருக்காக என் பிள்ளை லீவு நாள்லயும் வெயில்ல நிக்கணுமான்னு தோணிச்சு. இதை நானே சரி பண்ணிக் காட்டறேன்னு இறங்கிட்டேன்.

பஜார்ல மைக் செட் வாடகைக்கு விடற யேசுதாஸைப் போய்ப் பார்த்தேன். திருவிழாவுல உன் மைக் வயர் தெருக்கோடி வரைக்கும் ஓடுதே, அதுல மட்டும் ஏம்ப்பா இரைச்சல் இல்லைன்னு கேட்டேன். அவர் ஒரு துண்டு வெட்டி உரிச்சுக் காட்டினாரு. நடுவுல ஒரு மெல்லிசு வயர், அதைச் சுத்தி தலைமயிர் மாதிரி செப்புக் கம்பியில பின்னின வலை. வெளி இரைச்சலை இந்த வலை உள்ள விடாதும்மா, சாதா வயருக்கு இந்தப் போர்வை இல்லை, உங்க செட்டுல கோளாறே இல்லைன்னாரு. மிச்சம் கிடந்த வயரை சினிமா டிக்கெட் காசுக்குக் கொடுத்தாரு, மாட்டற பின்னு நாலும் மெட்ராஸ்லேருந்து வரவழைச்சாரு. ஈயத்தை உருக்கிப் பின்னைப் பத்த வெச்சுத் தரேன்னவருக்கு தை மாசம் முழுக்க கல்யாண வேலை, நாளைக்கு நாளைக்குன்னாரு. பார்த்தேன், சூடுகோலையும் ஈயத்தையும் இரவல் வாங்கிக்கினு வந்து நானே உக்கார்ந்துட்டேன். முதல் தடவை வலையில ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டு சத்தமே வரலை, விரலைச் சுட்டுக்கினதுதான் மிச்சம். பிரிச்சு மறுபடியும் பண்ணேன், அப்பவும் ஒரு பொட்டிதான் பேசிச்சு. மூணாம் நாள் ரெண்டும் சரியா வந்துச்சு. யேசுதாஸ் சொன்ன மாதிரி கரண்டு வயர் பக்கம் போகாம தள்ளிப் போட்டு உன் டேப்பை வெச்சேன். அம்மா, நான் குப்புராஜ் பேசறேன்னு அடுப்பாண்ட நின்னு பேசற மாதிரி கேட்டுது.

அப்பா வந்ததும் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு அதே முணுமுணுப்புதான்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. இவ்ளோ தெளிவா இருக்கே, இன்னா பிடிவாதம் இதுன்னு கத்தினேன், அவர் திரும்பவே இல்லை. வலது பக்கமா வந்து கூப்பிட்டதும் திரும்பினாரு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. பன்னெண்டு வருஷமா இரும்புக் கம்பி உருட்டற மெஷின் சத்தத்துக்குப் பக்கத்துலயே நிக்கறாரு, இடது காது சுத்தமா போயிருக்கு. அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு, மில்லுல நிறுத்திடுவாங்கன்னு மறைச்சிருக்காரு. வேணாம் வேணாம்னவரை பாசஞ்சர் வண்டியில ஏத்தி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். போனது திரும்பாது, வலது காதுல பாதிக்கு மேல இருக்கு, அந்த மெஷினாண்ட நின்னா அதுவும் போயிடும்னு டாக்டர் சொன்னாரு. மறுநாளே டாக்டர் சீட்டோட மில்லு மேனேஜரைப் பார்த்தேன். என் மானத்தை வாங்கிட்டேன்னு அப்பா ரெண்டு நாள் என்னோட பேசலை, பேசாட்டி போறாருன்னு விட்டுட்டேன், மூணு தடவை நடந்தேன். ஒண்ணாந்தேதியிலேருந்து ஸ்டோர்ல உக்கார வெச்சிருக்காங்க, சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தான், அதுலயே குடும்பம் நடந்துடும்.

ஸ்பீக்கர் பொட்டி ரெண்டையும் அவருக்கு வலது பக்கமா மாத்திட்டேன். போன ஞாயித்துக்கிழமை அஞ்சு டேப்பையும் வரிசையா கேட்டாரு. சோத்துல மணல் விழுந்ததைச் சொல்லி நீ சிரிக்கிறியே, அந்த இடத்துல கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாரு. அவன் சிரிக்கிறானான்னு கேட்டாரு. ஆமாம்னேன். இன்னொரு வாட்டி போடுன்னாரு. நேத்து, செட்டோட வந்த மைக்கைக் கேட்டு வாங்கிக்கினு, என்னை வெளிய போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கினாரு. இன்னா பேசினாருன்னு நான் கேக்கலை, அவரும் சொல்லலை. அந்த டேப் இந்த லெட்டரோட வருது, தனியா இருக்கும்போது கேளு.

நீ நல்லா இருக்கணும், உன் கை கால் உறுதியா இருக்கணும், அம்மன் உனக்குத் துணை நிப்பா. இனிமே டேப்புல நிறுத்தி நிதானமா பேசு. வயர் வாங்கிடாதே, வெள்ளிக்கிழமையில வேலைக்குப் போகாம படுத்துத் தூங்கு.

இப்படிக்கு
உன் அம்மா
ம. பச்சையம்மா